கல், காகிதம், கத்தரி... நிழலுக்குப் போவது யார்?

‘டெத் நோட்’டை முடித்தாயிற்று. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ கடைசி எபிசோடைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பித்துப் பிடித்த மாதிரி சுற்றியும் ஆயிற்று. ‘டீமன் ஸ்லேயர்’ தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கே வந்துவிட்டது. ‘அடுத்து என்ன?’ என்று கேட்கும் மாங்கா ரசிகர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அங்கே பேய் பிசாசு கிடையாது. வாளைச் சுழற்றினால் தண்ணீர் பீறிடாது. கோட் சூட் போட்ட ஆட்கள் அறைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு முடியும்போது யாரோ ஒருவருக்குப் பதவி போயிருக்கும். சில நேரம் உயிரும்.

ஜப்பானில் மாங்கா பத்திரிகைகள் வயதுவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. பள்ளிப் பையன்களுக்கு, பெண் பிள்ளைகளுக்கு, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு என்று தனித்தனி. 1968-ல் தொடங்கிய ‘பிக் காமிக்’கும் அதன் தம்பிப் பத்திரிகைகளும் பெரியவர்கள் ரகம். லஞ்சம், கட்சி, தாதா, உளவு எல்லாம் இவற்றில் தொடராக வந்து சக்கைப்போடு போட்டன.

முதலில் கையில் எடுக்க வேண்டியது ‘சாங்ச்சுவரி’. 1990 முதல் 1995 வரை ‘பிக் காமிக் சுபீரியர்’ இதழில் வந்தது. மொத்தம் 12 தொகுதிகள். கதை, ஃபுமிமுரா ஷோ. ‘ஃபிஸ்ட் ஆஃப் த நார்த் ஸ்டார்’ என்ற அதிரடி மாங்காவை புரோன்சன் என்ற பெயரில் எழுதியவரும் இவரேதான். ஓவியம், இகேகாமி ரியோய்ச்சி. கோட்டின் மடிப்பு, நெற்றியின் வியர்வை, பொய் சொல்லும்போது லேசாகச் சுருங்கும் கண் என்று போட்டோ பிடித்த மாதிரி வரைகிற கை.

போல் பாட் ஆட்சிக் காலத்துக் கம்போடியா. அங்கே இருந்த ஜப்பானியக் குடும்பங்களின் இரண்டு பையன்கள் ஹோஜோ, அசாமி. பெற்றோரைப் பறிகொடுத்து, கொலைக்களத்திலிருந்து தப்பி ஜப்பானுக்கு வந்து சேருகிறார்கள். பார்த்தால், சொந்த நாட்டில் சோறு இருக்கிறது, வீடு இருக்கிறது. மனிதர்களின் கண்ணில்தான் உயிர் இல்லை. கிழட்டு அரசியல்வாதிகள் நாற்காலியை விட மாட்டேன் என்கிறார்கள். இந்த நாட்டைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும் என்று இருவரும் முடிவெடுக்கிறார்கள். ஒருவன் வெளிச்சத்தில், அதாவது பாராளுமன்றத்தில். மற்றவன் நிழலில், அதாவது யகூசா என்ற தாதா கும்பலில். யாருக்கு எது? பிள்ளைகள் விளையாடும் கல், காகிதம், கத்தரி போட்டுத் தீர்த்துக்கொள்கிறார்கள். ஹோஜோவுக்கு நிழல். ஒரு நாட்டின் தலைவிதியை இப்படி முடிவு செய்கிற காட்சியில் சிரிப்பு வர வேண்டும். வராது.

அப்புறம் வேகம்தான். பெரிய தலைகளின் ரகசியங்களை ஹோஜோ கீழே இருந்து தோண்ட, அந்த இடைவெளியில் அசாமி மேலே ஏறுகிறான்.

இதெல்லாம் கற்பனையின் கொழுப்பு என்று நினைத்தால், கதை ஓடிக்கொண்டிருந்த காலத்து ஜப்பான் செய்தித்தாளைப் பார்க்க வேண்டும். 1987-ல் தகேஷிதா நொபோரு பிரதமர் பதவிக்குக் காய் நகர்த்தியபோது, ஒரு வலதுசாரிக் குழு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அவரைப் புகழ்ந்தது. பணம் சேர்ப்பதில் அவரைப் போலக் கெட்டிக்காரர் உண்டா, அவரையே பிரதமராக்குவோம் என்று. நம் இலக்கணத்தில் இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர். மானம் போன கட்சிக்காரர்களுக்காக அந்த ஒலிபெருக்கியை நிறுத்த நடுவில் வந்தவர், இனகாவா-காய் என்ற யகூசா அமைப்பின் தலைவர். இது 1992-ல், ‘சகாவா கியூபின்’ என்ற பார்சல் கம்பெனியின் ஊழல் வழக்கோடு சேர்ந்து வெளியே வந்தது. அந்தக் கம்பெனியிடம் 50 கோடி யென் வாங்கியதாக ஒப்புக்கொண்ட கனேமாரு ஷின், ஆளும் கட்சியின் கிங்மேக்கர். அவருக்கு விதித்த அபராதம் 2 லட்சம் யென். ஊர் கொதித்தது. 1993 மார்ச்சில் வரி ஏய்ப்புக்காகக் கைதானபோது அவரிடமிருந்து தங்கக் கட்டிகளையும் பிடித்தார்கள். 1955 முதல் அசையாமல் ஆண்ட கட்சி, அந்த ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு ஆட்சியை இழந்தது. ‘சாங்ச்சுவரி’ வாசகர்கள் ஒரு கையில் மாங்காவையும் மறு கையில் பேப்பரையும் வைத்துக்கொண்டு குழம்பியிருந்தால் ஆச்சரியம் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பெண்களை இந்தக் கதை நடத்தும் விதம் மோசம். ரொப்போங்கி காவல் நிலையத்தின் பெண் அதிகாரி இஷிஹாரா கியோகோ விறைப்பாக அறிமுகமாகிறார். போகப்போக ஹோஜோவைக் காதலிப்பதே அவர் வேலையாகிவிடுகிறது. பாலியல் காட்சிகளும் வன்முறையும் தாராளம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தொடவே வேண்டாம். அதைவிட உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. மிரட்டியும் அடித்தும் கொண்டுவருகிற ‘நல்லாட்சி’க்கு வாசகனைக் கைதட்ட வைக்கிறார்கள். ஹோஜோ அழகாக இருக்கிறான், நட்புக்காக உயிரைக் கொடுப்பான், சரி. ஓட்டுப் போட்ட ஜனம் எங்கே? 12 தொகுதிகளிலும் அவர்களுக்குக் கூட்டத்தில் நிற்கும் வேலைதான்.

அந்தக் கேள்வியை ஓரளவு எதிர்கொள்கிறவர் கவாகுச்சி கைஜி. இவருடைய ‘ஈகிள்’ 1997-ல் தொடங்கியது. நியூயார்க் செனட்டர் கென்னத் யமாவோகா, ஜப்பானிய வம்சாவளி. அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிறார். தேர்தல் செய்தி சேகரிக்க டோக்கியோவிலிருந்து வருகிற இளம் நிருபர் தகாஷி, தான் அவருக்கே பிறந்த மகன் என்று தெரிந்துகொள்கிறான். இனி எதை எழுதுவது, எதை மறைப்பது? பிரைமரி தேர்தல், டி.வி விவாதம், நன்கொடை வேட்டை எல்லாவற்றையும் துப்பறியும் கதை வேகத்தில் சொல்கிற மாங்கா இது. வெள்ளையர் அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார ஒபாமாவுக்காக 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே கவாகுச்சியின் ‘தி சைலன்ட் சர்வீஸ்’ (1988-96) கடலுக்கு அடியில் நடக்கிறது. ஜப்பானும் அமெரிக்காவும் ரகசியமாகக் கட்டிய அணுசக்தி நீர்மூழ்கியை அதன் கேப்டன் கயேதா அப்படியே ஓட்டிக்கொண்டு போய், ‘இது தனி நாடு’ என்று அறிவித்துவிடுகிறார். ஆபாசம் இல்லாத கதை. பிளஸ் டூ பிள்ளையும் அப்பாவும் சேர்ந்து படித்துச் சண்டை போடலாம். 2023-ல் சினிமாவாகவும் வந்தது.

‘ஆஸ்ட்ரோ பாய்’ தந்த தெஸுகா ஒசாமு, பச்சைக் குழந்தைகளுக்கு மட்டும் எழுதியவர் என்று நினைப்பவர்கள் ‘எம்டபிள்யூ’ படித்தால் தூக்கம் போகும். ஒரு தீவில் வெளிநாட்டு ராணுவம் பதுக்கிய விஷவாயு கசிந்து ஊரே சாகிறது. அரசாங்கம் மூடி மறைக்கிறது. பிழைத்த இருவரில் ஒருவன் வங்கி ஊழியன் வேடத்தில் கொலைகாரனாகிறான். மற்றவர் பாதிரியாராகி அவனுக்குப் பாவமன்னிப்புக் கொடுத்துக்கொண்டே குற்றத்தில் பங்காளி ஆகிறார். 1976-ல் தொடங்கிய கதை. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு ஒகினாவாவின் அமெரிக்க ராணுவக் கிடங்கில் நிஜமாகவே நச்சுவாயு கசிந்திருந்தது. இதுவும் பெரியவர்களுக்கு மட்டும்.

ரத்தம், அரசியல் எல்லாம் போகட்டும், ஒன்றே ஒன்று போதும் என்பவர்களுக்கு உரசாவா நவோகியின் ‘மான்ஸ்டர்’. 1986, டுசெல்டார்ஃப் நகர மருத்துவமனை. தலையில் குண்டு பாய்ந்த சிறுவன் ஒருவன். அவனுக்குப் பிறகு வந்த நகர மேயர். மேயரைப் பார் என்று மேலிடத்து உத்தரவு. டாக்டர் தென்மா சிறுவனைக் காப்பாற்றுகிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து தொடர் கொலைகாரனாகிறான். உயிரைக் கொடுத்த கையாலேயே அவனைக் கொல்லலாமா என்று ஜெர்மனி முழுக்க அலைகிறார் டாக்டர். ஹோஜோ துப்பாக்கியை எடுத்தால் நமக்கு விசில் அடிக்கத் தோன்றும். தென்மா எடுத்தால், ‘வேண்டாம் டாக்டர்’ என்று சொல்லத் தோன்றும். 18 தொகுதிகள். நேரம் இல்லாதவர்களுக்கு 74 எபிசோடு அனிமே இருக்கிறது. அதற்கும் நேரம் வேண்டும்தான்!

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. ‘சாங்ச்சுவரி’யின் பழைய ஆங்கிலப் பதிப்பில் படங்களைத் திருப்பி அச்சடித்திருப்பதால் வழக்கம்போல இடமிருந்து வலமாகப் படிக்கலாம். ‘மான்ஸ்டர்’ அப்படியில்லை, ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடம். பழக்கதோஷத்தில் தப்பான பக்கத்திலிருந்து ஆரம்பித்தால், முடிவைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.