அத்தானின் முதுகு

சென்னையில் இருந்துகொண்டு குளிர்காலத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மார்கழி மாதத்தில் உஷ்ணமானி 20 டிகிரிக்கு இறங்கிவிட்டால் போதும், காதை மூடிக் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, "அப்பப்பா, என்ன குளிர்!" என்று நடுங்கியபடியே கோவில் வாசலில் வெண்பொங்கலுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் அல்லவா நாம்? அசல் குளிர் எப்படி இருக்கும் என்பதை நான் கண்டுகொண்டது போன டிசம்பர் கடைசியில், டில்லியில்.

அந்தச் சமயத்தில் அங்கே விடியற்காலையில் 5, 6 டிகிரிதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஊர் வீடுகளை வெயில் காலத்தை மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சூரியன் வந்து தெருவெல்லாம் சூடேறின பிறகும் வீட்டுக்குள் தரை ஐஸ் கட்டியாகவே இருக்கிறது. வெளியே போனால் கதகதப்பு, உள்ளே வந்தால் நடுக்கம்! "ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வாடா" என்று என் அக்காள் வாசலில் நின்று உத்தரவு போட்டபோது, அவள் தவறிப் போய்ச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அக்காளும் அத்தானும் ஆர்.கே.புரத்தில், மலை மந்திர் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அத்தான் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர். வயது 56. அக்காளுக்கு 51. கல்யாணமாகி 27 வருஷம் ஆகிறது. ஒரே பையன், வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டான். நானும் என் மனைவியும் பத்து நாள் தங்குவதாகப் போயிருந்தோம்.

மத்திய சர்க்கார் காரியாலயங்களுக்கு வாரத்தில் ஐந்து நாள்தான் வேலை என்று 1985-ல் ஏற்பாடு செய்தார்கள். சனியும் விடுமுறை, ஞாயிறும் விடுமுறை. ஏற்பாடு செய்தவர்கள் புண்ணியவான்கள். ஆனால், பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்ட நடுவயதுத் தம்பதி அந்த இரண்டு நாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வது என்பதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

அக்காள் வீட்டில் அதற்கு ரஜாய் வழி செய்திருந்தது. ரஜாய் என்பது பஞ்சு அடைத்துத் தைத்த கனமான போர்வை. அதற்குள் நுழைவது சுலபம். வெளியே வருவதற்குத்தான் மனோபலம் வேண்டும். முன்னறையில் ஒரு ரஜாய். அதற்குள் அத்தானும், எதிரே டெலிவிஷனும். உள் அறையில் இன்னொரு ரஜாய். அதற்குள் அக்காளும் அவளுடைய கைப்பேசியும். நான் பொய் சொல்லவில்லை, நம்புங்கள்: "காப்பி போடட்டுமா?" என்று அக்காள் உள் அறையிலிருந்து போனில் கேட்டாள்; "போடேன்" என்று அத்தான் முன்னறையிலிருந்து போனிலேயே பதில் சொன்னார். நடுவில் இருந்தது ஒரு சுவர்.

இதற்குப் பக்கபலமாகச் சாப்பாடு வேறு. குளிர் காலத்தில் மட்டும் வருகிற சிவப்புக் காரட்டில் பாலும் நெய்யும் விட்டுக் கிளறிய அல்வா, எள்ளும் வெல்லமும் சேர்த்துத் தட்டிய கஜக், மணலில் வறுத்த வேர்க்கடலை! அங்கே குளிர் வருகிறது என்றால் பலகாரம் வருகிறது என்று அர்த்தம்.

ஆனால் குளிர் நாளில் நம் சரீரம் கேட்பது வேறு. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதே வேலையைச் செய்ய இருதயம் அதிகமாகப் பாடுபட வேண்டியிருக்கிறது. மாரடைப்பு குளிர் மாதங்களில் அதிகம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். மூட்டு வலிக்காரர்கள், "வலிக்கிறதே" என்று அசையாமல் உட்கார்ந்தால் மூட்டு இன்னும் இறுகிப் போகிறது. நாற்பதைத் தாண்டிய பிறகு தசைகளைச் சும்மா வைத்திருந்தால், வாடகை தராத வீட்டிலிருந்து குடித்தனக்காரர் சாமான்களை நகர்த்துவதுபோல, நமக்குத் தெரியாமலே கரைந்துகொண்டு போகின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட யோசனைப்படி வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான தேகப்பயிற்சி வேண்டும். இரண்டு நாளாவது தசைகளுக்கென்று தனியாக வேலை கொடுக்க வேண்டும். வேகமாக நடந்தால் முதல் கணக்குத் தீர்ந்தது. மாடிப்படி ஏறுவது, நாற்காலியைப் பிடிக்காமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது எல்லாம் இரண்டாவது கணக்கில் வரவு.

அத்தானுக்கு இதெல்லாம் மனப்பாடம். அவருக்குச் சர்க்கரை உண்டு. ஆகையால், தினம் 45 நிமிஷம் ரஜாயை உதறிவிட்டு எழுந்து, எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி நடந்துவிட்டு மறுபடியும் ரஜாய்க்குள் புகுந்துவிடுவார். அக்காளுக்கு முழங்கால் வலி. அவள் வெளியே கிளம்புவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதுவும் அத்தான் பிடிவாதம் பிடித்து லோடி தோட்டத்துக்கு அழைத்துப் போவதால்.

நாங்கள் போன முதல் ஞாயிற்றுக்கிழமை நால்வருமாகக் கிளம்பினோம். நான் காலை ஆறு மணிக்கே தயாராகி நின்றேன். "பனியில் நடந்தால் தேகத்துக்கு நல்லது என்பதெல்லாம் உன் ஊரில்!" என்று அத்தான் சிரித்தார். டில்லியில் குளிர் நாட்களில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது. அதற்கு மேலே இருக்கும் வெப்பமான காற்று பாத்திரத்துக்கு மூடி போட்டாற்போல் அதை அமுக்கிவிடுகிறது. ஊர்ப் புகையெல்லாம் மூடிக்குள். வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும். காற்றின் மாசுக் குறியீடு 400-ஐத் தாண்டிய நாட்களில் அத்தான் தெருவில் இறங்குவதே இல்லை. வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். அன்று வானம் சுமாராக இருந்ததால் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அழகான இடம், நேயர்களே! ஒரு காலத்தில் கைர்பூர் என்ற கிராமம் அது. கிராமத்தாரை வேறு இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, 1936-ல் வைஸ்ராயின் மனைவி லேடி வில்லிங்டன் பெயரால் பூங்காவாக்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு லோடி தோட்டம் ஆயிற்று. சையது வம்சத்து முகமது ஷாவின் எட்டுப் பட்டைச் சமாதி ஒரு பக்கம். 1517-ல் காலமான சிக்கந்தர் லோடியின் சமாதி இன்னொரு பக்கம். அக்பர் காலத்துக் கல் பாலம் ஒன்றும் உண்டு. டில்லியை ஆண்ட சுல்தான்கள் படுத்துக் கிடக்க, அவர்களைச் சுற்றிச் சர்க்கரை வியாதிக்காரர்கள் வேக வேகமாக நடக்கிறார்கள்.

அத்தான் கழுத்தில் மப்ளர், காலில் ஷூ, கையில் அடியை எண்ணும் கைப்பேசி. அக்காள் புடவைக்கு மேல் ஸ்வெட்டர். கட்டைவிரலுக்குத் தனி உறை வைத்த கம்பளிக் காலுறை. அதன் மேல் செருப்பு. புறப்பட்ட இரண்டாவது நிமிஷம் அத்தான் அரை பர்லாங்கு முன்னால் இருந்தார். ஆண்பிள்ளை என்ற ரோஷத்தில் நானும் அவரோடு ஓடினேன். பெண்கள் இருவரும் பின்னால்.

சிக்கந்தர் லோடி சமாதி வந்ததும் அத்தான் ஒரு கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் கழித்து அக்காள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "வந்துவிட்டாயா? கிளம்பலாம்!" என்று அத்தான் எழுந்துவிட்டார். அடுத்து பாலத்தண்டை அதே கதை. இன்னொரு மரத்தடியில் அதே கதை. நான் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டேன். மூன்று இடத்தில் ஐந்தைந்து நிமிஷம் ஆக, வேகமாக நடந்த அத்தானுக்குக் கால் மணி ஓய்வு. முழங்கால் வலியோடு நடந்த அக்காளுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை!

நான்காவது இடத்தில் அத்தான் எழுந்தார். அக்காள் உட்கார்ந்தாள்.

"நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்றாள்.

"என்ன, கால் வலிக்கிறதா?"

"கால் எப்போதும்தான் வலிக்கிறது. 27 வருஷமாக உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். பார்த்தது போதும். அடுத்த வாரத்திலிருந்து நான் வரவில்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாக, 'பால் தீர்ந்துவிட்டது' என்று சொல்கிற குரலில் சொன்னாள். அத்தான் ஒன்றும் பேசவில்லை. தனியாகக் கிளம்பி, முன்னைவிட வேகமாக நடந்து போனார். என் மனைவி மெதுவாக, "எங்கள் வீட்டிலும் இப்படித்தான் அண்ணி" என்றாள். நான் அண்ணாந்து மரத்தில் கிளி இருக்கிறதா என்று பார்த்தேன்.

அன்று பிற்பகல் மொட்டை மாடி வெயிலில் அத்தானும் நானும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அத்தான் அதிகம் பேசாத மனுஷர். திடீரென்று, "என் அப்பா போனது 58 வயதில். இதே மாதிரி ஒரு ஜனவரியில்" என்றார். சற்று நேரம் கழித்து, "எனக்கு 56" என்றார். பிறகு தொலிகளை எல்லாம் கூட்டி ஒரு காகிதத்தில் மடித்தார். "உன் அக்காள் நான் அவளை விட்டுவிட்டு ஓடுகிறேன் என்று நினைக்கிறாள். நான் எதிலிருந்து ஓடுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?"

நான் பத்திரிகைக்காரன் அல்லவா? இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சாயங்காலம் சமையலறையில் அக்காள் வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாமனார் திதியன்றைக்கெல்லாம் இரண்டு சுற்று அதிகமாக நடப்பார். அவராகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன்."

"நீ வரமாட்டேன் என்றாயே, கால் வலிதானே காரணம்?"

"கால் வலி இல்லையடா. என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறாரே, அதுதான். நான் ஏதோ நேரம் கழித்து வந்த ரயில் மாதிரி. எத்தனை பேர் பார்க்கிறார்கள்! வெட்கமாக இருக்கிறது."

27 வருஷம் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் செய்தவர்கள். அவருக்குப் பயம், இவளுக்கு வெட்கம். இரண்டையும் என்னிடம் சொன்னார்களே தவிர, ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்கப் போன் இருக்கிறது; இதற்கு இல்லை. அக்காள் சொன்னதை இரவே அத்தானிடம் கோள் மூட்டிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காளைக் கிளப்புவதற்கு என் மனைவி என்ன மந்திரம் போட்டாளோ தெரியாது, வந்தாள். தோட்டத்து வாசலில் அத்தான் நின்றுவிட்டார்.

"நீ முன்னால் போ" என்றார்.

"எதற்கு?"

"எனக்கு இன்றைக்கு மூச்சு வாங்குகிறது."

சுத்தப் பொய். அக்காளுக்கும் தெரியும். அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். அத்தான் இரண்டு அடி பின்னால், கடிவாளம் போட்ட குதிரை மாதிரி வந்தார். அக்காள் நின்றால் நின்றார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். அவள் எழுந்த பிறகுதான் எழுந்தார்.

மிதமான நடைக்கு ஒரு சுலபமான பரீட்சை உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அத்தானுடைய பழைய வேகத்தில் பேசவும் முடியாது. அக்காளின் வேகத்தில் பேசலாம். ஆனால் என்ன பேசுவது? பாதிச் சுற்று வரையில் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் குக்கர் கேஸ்கட் பற்றி ஏதோ ஆரம்பித்தார்கள். அது எப்படியோ பையன் கல்யாணத்துக்குப் போயிற்று. பாலத்தண்டை வந்தபோது அத்தான் குரல் தணிந்திருந்தது. "அப்பா" என்ற ஒரு வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது. நேயர்களே, நான் பத்திரிகைக்காரன்தான். ஆனாலும் அங்கே நின்றுவிட்டேன். அவர்கள் போன பிறகுதான் நடந்தேன்.

பொங்கலன்று அக்காள் போன் செய்தாள். வார நாட்களில் அவர் தம் வேகத்தில் தனியாக நடக்கிறாராம்; சர்க்கரைக் கணக்கை விட முடியாதே! ஞாயிற்றுக்கிழமை அவளுடையது. போன வாரம் ஒரே பனிமூட்டம், வெளியே போகவில்லை. மூன்று மாடிப் படியை இரண்டு தடவை ஏறி இறங்கினார்களாம், அவள் முன்னால், அவர் பின்னால். முழங்கால் வலி எப்படி என்று கேட்டேன். "அது இருக்கிறது, அதுபாட்டுக்கு" என்றாள். ரஜாய் இரண்டும் இப்போது எங்கே என்று கேட்க வாய் எடுத்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி கிள்ளினாள்.

அந்த வாரக் கடைசியில் நாங்கள் மெரீனாவுக்குப் போனோம். மணலில் இறங்கியதும் நான் பேசாமல் பின்தங்கி, இரண்டு அடி விட்டு நடந்தேன். சுண்டல்காரனைத் தாண்டுகிற வரையில் அவள் கவனிக்கவில்லை. பிறகு சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் பின்னாலேயே வருகிறீர்கள்? பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டீர்களா?"