போர் போடும் முன் பாறையைக் காட்டுங்கள்

தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் நிலத்தடி நீர்த் துறை அலுவலர்களுக்கும்,

முத்துசாமி தீட்சிதர் அமிர்தவர்ஷினி பாடி வறண்ட இந்தச் சீமையில் மழை பெய்வித்தார் என்று எட்டயபுரத்தில் இன்றும் சொல்வார்கள். பெய்த மழை மண்ணுக்குள் எங்கே போயிற்று என்பதைக் கதை சொல்வதில்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

மண்ணுக்குள் போகும் நீரை ஆள்வது பாறை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த ஆட்சி கண்ணுக்கே தெரிகிறது. அச்சன்கோவில் பக்கமிருந்து தென்காசிச் சீமை வரை, பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பாறை நெரிந்து நொறுங்கிய ஒரு பட்டை கிடக்கிறது. அச்சன்கோவில் ஆறு அதைப் பிடித்துக்கொண்டுதான் கேரளத்தில் இறங்குகிறது. தாமிரபரணி கோடையிலும் அற்றுப்போகாததற்கு இரண்டு பருவமழை ஒரு காரணம். மலைப்பாறையின் வெடிப்புகளிலும் காட்டு மண்ணிலும் தங்கிய நீர் மெல்லக் கசிவது இன்னொன்று. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் கோவில்பட்டி சீவலப்பேரியிலிருந்து குழாயில் வாங்கிக் குடிக்கிறது.

எங்கள் எட்டயபுரம் பக்கம் பாறை கரிசலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. ரிக் வண்டி நிற்கும் புஞ்சையில் போய்ப் பாருங்கள். முதலில் கரிசல், அப்புறம் சுக்கான் கல், அதற்கும் கீழே கையில் பொடியும் மக்கிய பாறை. கேசிங் இறக்கியபின் வெள்ளைப் புழுதி பறக்கும். நடுவே துருநிறத்தில் சில்லு வந்தால் சம்சாரி முகம் மலரும். தண்ணீர் நடமாடிய வெடிப்பு அது. அது தப்பிவிட்டால் ஐந்நூறு அடி போனாலும் புழுதிதான். ஆழம் கூடக் கூடப் பாறை இறுகுமே தவிர இளகாது. வரப்புக்கு இந்தப் பக்கம் ஊறும் கிணறு, அந்தப் பக்கம் செத்த போர் என்பதெல்லாம் இதனால்தான். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நான் கேலி செய்ய மாட்டேன். வேறு யார் வந்து சொல்கிறார்கள்?

பண்ணைக்குட்டை விஷயமும் உண்டு. கரிசல் நனைந்தால் உப்பி வாய் மூடிக்கொள்ளும். அதில் வெட்டிய குட்டை ஆடுமாட்டுக்கும் பயிருக்கும் உதவும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கீழே இறங்குவது சொற்பம். அதை நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் கணக்கில் எழுதாதீர்கள். செறிவூட்டுவதென்றால் ஓடையை வெடிப்பு குறுக்கிடும் இடம் தேடி, களிமண்ணைத் தாண்டி மக்கிய பாறை வரை துளையிட்டு வடிகட்டி வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டமும் துணையில்லை, 2013இல் அது ரத்தாகிவிட்டது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012 முதல் நீர்த்தாங்கிகளை வரைபடமாக்கி வருகிறது. மாநிலத்தில் நீரிருப்பைப் பிர்க்கா வாரியாக மதிப்பிட்டு வந்திருக்கிறீர்கள். பிர்க்கா வருவாய்த் துறை கிழித்த கோடு, வெடிப்பு அதைக் கேட்டுப் போவதில்லை.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். எட்டயபுரம் வட்டத்தில் அரசுப் பணத்தில் போடும் ஒவ்வொரு போருக்கும் முன்பு நிலத்தின் மின்தடையை அளக்கும் ஆய்வு நடக்கட்டும். எத்தனையாவது அடியில் என்ன பாறை, எங்கே தண்ணீர் என்பது, தோற்ற போர்கள் உட்பட, கிராம வரைபடத்தில் ஏறட்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராமசபையில் அந்த வரைபடத்தை விரித்து வையுங்கள். ரிக் ஓட்டுபவர்களையும் கூப்பிடுங்கள், பாதி விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது.