கருத்துக்கணிப்பின் நிறங்கள்: எமது எண்களை மற்றவர்கள் நம்ப வேண்டுமென்றால்

புலம்பெயர் நாடுகளில் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பாடசாலைகள், அரசியல் அமைப்புகள் என எல்லாத் தரப்பும் இன்று கருத்துக்கணிப்பு நடத்துகின்றன. வட்சப்பில் ஒரு இணைப்பு வருகிறது. பத்துக் கேள்விகளுக்கு விடை சொல்கிறோம். ஒரு கிழமைக்குள் வண்ண வட்டங்களும் பட்டைகளுமாக முடிவுகள் திரும்பி வருகின்றன. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வட்ட வரைபு, சலாகை வரைபு என்று அளவுகோல் வைத்துக் கீறிய படங்களை இப்போது மென்பொருளே நொடிப்பொழுதில் வரைந்து தருகிறது.

இந்த வசதி வந்தது நல்லதுதான். ஆனால் அந்தப் படங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு குறை தெரியும். ஒரு படத்தில் 'ஆம்' நீலம். அடுத்த படத்தில் 'இல்லை' நீலம். ஒன்று பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது, மற்றது ஐம்பதிலிருந்து. ஒன்றில் ஆட்களின் எண்ணிக்கை, மற்றதில் வீதம். இதை அழகு சம்பந்தப்பட்ட சின்ன விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது. எமது எண்களை வெளியார் நம்புவார்களா என்ற கேள்வி இதில்தான் தங்கியிருக்கிறது.

நாமே எம்மை எண்ண வேண்டிய நிலை

வாழ்கின்ற நாடுகளின் புள்ளிவிபரங்களில் நாம் பெரும்பாலும் தனியாகத் தெரிவதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் ஆகியோருக்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. ஈழத்தமிழர் 'வேறு ஆசியப் பின்னணி' என்ற கட்டத்தில் புள்ளடியிட்டு, பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். கனடாவில் இனப்பின்னணிக் கேள்விக்கு ஒருவர் 'தமிழர்' என்று எழுதுகிறார், அவருடைய தமையன் 'இலங்கையர்' என்று எழுதுகிறார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வரிசைகளில் போய் விழுகிறார்கள். வரைபு வெளியாகும்போது சிறிய குழுக்களை ஒன்றாகச் சேர்த்து, கடைசியில் சாம்பல் நிறம் பூசி, 'ஏனையோர்' என்று போடுவது வழக்கம். அந்தச் சாம்பல் நிறத்துக்குள்தான் நாம் பல வேளைகளில் இருக்கிறோம்.

முதியோரின் தனிமை, பிள்ளைகளின் தமிழ், தாயகத்தின் எதிர்காலம் பற்றிய எமது நிலைப்பாடு இவையெல்லாவற்றுக்கும் எண் வேண்டுமென்றால் நாமே எடுக்கத்தான் வேண்டும். எடுத்த எண்ணை நகரசபை உறுப்பினரிடமோ நாடாளுமன்ற உறுப்பினரிடமோ கொண்டுபோகிறோம். அவர் அறிக்கை முழுவதையும் வாசிக்க மாட்டார். படங்களைத்தான் பார்ப்பார். இரண்டாவது படத்தில் நிறம் தலைகீழாக இருந்தால் குழம்புவார். மூன்றாவதிலும் குழம்பினால் அறிக்கையை மூடிவிடுவார்.

நிறங்கள் ஊருக்கு ஊர் வேறு

நிறத்துக்கு இயல்பான பொருள் என்று ஒன்று இல்லை. பழக்கம்தான் பொருளைத் தருகிறது. அமெரிக்காவில் குடியரசுக் கட்சி சிவப்பு, ஜனநாயகக் கட்சி நீலம் என்பது ஆதிகாலத்து மரபு போல இன்று தோன்றுகிறது. உண்மையில் 2000 ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர் ஒவ்வொரு தொலைக்காட்சியும் தன் விருப்பப்படியே நிறம் பூசியது. 1980 இல் ரொனால்ட் ரேகன் வென்ற மாநிலங்களை என்பிசி நீலத்தில் காட்டியது. 2000 இல் புளோரிடா முடிவுக்காக நாடே ஐந்து கிழமைகள் காத்திருந்தபோது, ஒரே நிற வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பார்த்து அந்த நிறங்கள் மக்கள் மனதில் பதிந்துவிட்டன.

கனடாவுக்கு வந்தால் லிபரல் கட்சி சிவப்பு, கொன்சர்வேட்டிவ் கட்சி நீலம். பிரித்தானியாவில் தொழிற்கட்சி சிவப்பு. இலங்கையில் பச்சை என்றால் ஐக்கிய தேசியக் கட்சி, நீலம் என்றால் சுதந்திரக் கட்சி, சிவப்பு என்றால் ஜேவிபி. ஈழத்தமிழருக்கோ சிவப்பும் மஞ்சளும் வெறும் நிறங்கள் அல்ல. அரசியல் தீர்வு பற்றிய ஒரு கணிப்பில் ஒரு விடைக்கு மட்டும் இந்த இரண்டு நிறங்களையும் கொடுத்தால், நடத்தியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று வாசகர் உடனே ஊகித்துவிடுவார். கணிப்பு நேர்மையாக நடந்திருந்தாலும் படம் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே எல்லா நாட்டு எம்மவருக்கும் பொதுவாக வெளியிடும் கணிப்பில் கட்சிகளையும் இயக்கங்களையும் நினைவூட்டாத நிறங்களைத் தெரிவு செய்வதே புத்திசாலித்தனம்.

ஒரே நிறம் சொன்னதும் சொல்லாததும்

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தல் இதற்கு நல்ல பாடம். தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159 ஐப் பெற்றது. 22 தேர்தல் மாவட்டங்களில் 21 இல் முதலிடம். வெற்றி பெற்ற கட்சியின் நிறத்தை மாவட்டத்துக்குப் பூசிய வரைபடத்தில் மட்டக்களப்பைத் தவிர முழு இலங்கையும் ஒரே நிறமாகத் தெரிந்தது. யாழ்ப்பாணமும் அதற்குள் அடக்கம். தமிழர் தமிழ்க் கட்சிகளைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற பேச்சுக்கு அந்தப் படம் தோதாக அமைந்தது.

படம் பொய் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்தக் கட்சி முதலிடம் பெற்றதும் ஆறில் மூன்று ஆசனங்களை வென்றதும் உண்மை. ஆனால் அங்கே அதற்குக் கிடைத்த வாக்கு ஏறத்தாழ 25 வீதம்தான். நான்கு பேரில் மூவர் வேறு யாருக்கோ வாக்களித்தார்கள். அந்த வாக்குகள் பல கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்குமாகச் சிதறின. வாக்கு வீதத்துக்கு ஏற்ப நிறத்தின் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்திருந்தால் யாழ்ப்பாணம் வெளிறியே தெரிந்திருக்கும். அதே விதியைப் பிடித்தால், தமிழரசுக் கட்சி மூன்றில் ஒரு பங்கு வாக்குடன் முதலிடம் பெற்ற மட்டக்களப்பும் வெளிறித்தான் இருக்கும். ஒரு விதியை எமக்குச் சாதகமான இடத்தில் மட்டும் பிடிக்க முடியாது.

எமது கணிப்புகளுக்கும் இது பொருந்தும். நிறம் 'யார் முதலிடம்' என்பதைக் குறிக்கிறதா, 'எவ்வளவு பேர்' என்பதைக் குறிக்கிறதா? இதை முன்கூட்டியே தீர்மானித்து, ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரியில் எழுத வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு விதியைத் தேர்ந்தால் அது பிரசாரம்.

மென்பொருள் எமக்காக யோசிக்காது

எமது அமைப்புகள் அதிகம் பாவிப்பது கூகுள் படிவம். அது விடைகளின் வரிசைப்படி நிறம் கொடுக்கும்: முதல் விடைக்கு நீலம், இரண்டாவதுக்குச் சிவப்பு. ஒரு கேள்வியில் 'ஆம், இல்லை' என்றும் இன்னொன்றில் 'இல்லை, ஆம்' என்றும் எழுதினால் நிறமும் இடம் மாறிவிடும். அதற்கு 'ஆம்' என்றால் என்னவென்று தெரியாது. நீளமான தமிழ் விடைகள் பாதியில் வெட்டுப்பட்டும் போகலாம். எனவே அங்கே வரும் படங்களை அப்படியே அறிக்கையில் ஒட்டாமல், தரவை எக்செல்லுக்கு எடுத்துச் சென்று வரைவது நல்லது. எக்செல்லில் ஒரு படத்தை ஒழுங்காக அமைத்து வார்ப்புருவாகச் சேமித்துவிட்டால், அடுத்த ஐம்பது படங்களுக்கும் அதே பாணியைப் போடலாம்.

எழுத்துருவும் முக்கியம். எம்மவர் கணினிகளில் பாமினி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான் வரும். யூனிகோட் எழுத்துரு ஒன்றை, உதாரணமாக இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை, எல்லாப் படங்களுக்கும் பாவிக்கலாம். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைப்பதையும் தவிர்க்க வேண்டும். நிறக்குருடு உள்ளவர்களில் பலருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நீலமும் செம்மஞ்சளும் பாதுகாப்பான சோடி.

அடுத்தது அளவுகோல். தமிழ்ப் பாடசாலை பற்றித் திருப்தி தெரிவித்த பெற்றோர் போன வருடம் 62 வீதம், இந்த வருடம் 68 வீதம் என்று வைத்துக்கொள்வோம். பட்டையை 60 இல் தொடங்கினால் ஒன்றின் உயரம் 2, மற்றதன் உயரம் 8; திருப்தி நான்கு மடங்காகிவிட்டது போலத் தோன்றும். பட்டை வரைபு பூச்சியத்தில் தொடங்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். விடையளித்தோர் எத்தனை பேர் என்பதும் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். '75 வீதம்' என்பது 12 பேரில் 9 பேராகவும் இருக்கலாம், 1200 பேரில் 900 பேராகவும் இருக்கலாம்.

வெற்றிடத்துக்கும் ஒரு பாணி

எமது கதையில் எண் இல்லாத ஆண்டுகள் உண்டு. 1981 க்குப் பிறகு வடக்கு கிழக்கு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது. 2001 இல் அங்கே பெரும்பகுதியில் கணக்கெடுப்பு முழுமையாக நடக்கவில்லை. 1981 ஐயும் 2012 ஐயும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், முப்பத்தொரு வருடம் அமைதியாக மெல்லச் சரிந்தது போன்ற படம் கிடைக்கும். இடப்பெயர்வுகள், வெளியேற்றங்கள், சாவுகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குள் மறைந்துபோகும். தரவு இல்லாத இடத்தைப் புள்ளிக்கோடாகவோ வெற்றிடமாகவோ, எல்லாப் படங்களிலும் ஒரே விதமாகக் காட்ட வேண்டும்.

எல்லைகளும் மாறியிருக்கின்றன. யாழ்ப்பாண மாவட்டத்தின் 1981 சனத்தொகை கிளிநொச்சியையும் சேர்த்தால் ஏறத்தாழ 830,000. இன்றைய எல்லைப்படி ஏறத்தாழ 738,000. 2012 இல் அது ஏறத்தாழ 583,000. முதல் எண்ணைப் பாவித்தால் வீழ்ச்சி இரண்டரை இலட்சத்தை நெருங்கும். இரண்டாவதைப் பாவித்தால் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டும். குறைந்த எண்ணே போதுமான அளவு கனமானது. அந்தக் குறைவில் ஒரு பகுதி இதை வாசிக்கும் குடும்பங்கள்தான். பெரிய எண்ணைக் காட்டி ஒரு தடவை பிடிபட்டால், அடுத்த தடவை சரியான எண்ணைச் சொன்னாலும் கேட்க ஆள் இருக்காது.

செய்ய வேண்டியது பெரிய செலவான வேலை அல்ல. ஒவ்வொரு அமைப்பும் ஒரு பக்கத்தில் எழுதி வைக்கலாம்: எந்த விடைக்கு எந்த நிறம், விடைகளின் வரிசை, அளவுகோலின் தொடக்கம், எழுத்துரு, விடையளித்தோர் தொகை எங்கே, தரவு இல்லாத இடத்தை எப்படிக் காட்டுவது. நிர்வாகசபை மாறினாலும் அந்தப் பக்கம் கைமாற வேண்டும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் உள்ள அமைப்புகள் அதே பக்கத்தை ஏற்றுக்கொண்டு, அதே கேள்விகளையும் கேட்டால், பத்து வருடங்களில் நாடுகளையும் ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடிய பதிவு எமது பிள்ளைகளின் கையில் இருக்கும். அரசுகள் எம்மை 'ஏனையோர்' என்று எண்ணும் வரைக்கும், அந்தப் பதிவை நாமே ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.