நஷ்டத்தையும் சொல்லுங்கள்



தம்பானூர் பேருந்து நிலையத்தருகே, லாரி பேக்கர் வடிவமைத்த சுருள் கட்டடத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. அரசின் காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடி ஆட்களை வெளியேற்றியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணைநிற்க, 1950களின் இறுதியில் ஊழியர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து காபி ஹவுஸ்களை நடத்தத் தொடங்கினார்கள். உறுப்பினராக இருப்பவர் காபி பரிமாறுபவரானாலும், பொதுக்குழுவில் எழுந்து வரவு செலவு கேட்கலாம். எனக்கு அது பெரிய விஷயம்.

ஏனென்றால், நான் முன்பு வேலை பார்த்த கடையில் மூன்று மாதச் சம்பளம் தள்ளிப்போனது. கேட்டால், ‘அடுத்த வாரம்’ என்பார்கள். நஷ்டம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பொறுத்திருப்போம். பொய் தெரிந்ததும் ஒவ்வொருவராக விலகினோம்.

முதலாளிமார்களே, கையில் பணமில்லாத மாதத்தில் அதை ஊழியரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

– ஒரு வாசகர், தம்பானூர், திருவனந்தபுரம்