முக்காலி போட்டோம், உட்கார விட்டோமா?

சென்ற பொதுக்குழுவில் நம் இளைய உறுப்பினர் ஒருவர் எழுந்து, கடைப் பணியாளர்களுக்கு வாரம் ஒரு நாள் உடற்பயிற்சி வகுப்பு நடத்தச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பெங்களூரில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் அவருடைய தம்பிக்கு அலுவலகத்திலேயே உடற்பயிற்சிக் கூடமும், யோகாசன ஆசிரியரும் உண்டாம். கூட்டத்தில் சிரிப்பொலி எழுந்தது. "மூட்டை தூக்குகிறவனுக்குத் தனியாக என்ன தம்பி உடற்பயிற்சி?" என்று மூத்த மளிகை வணிகர் ஒருவர் கேட்டார். பேச்சு தராசு முத்திரைக் கட்டணத்துக்குத் திரும்பிவிட்டது.

அந்தச் சிரிப்பில் நாமும் கலந்துகொண்டோம். ஆனால் வீடு திரும்பிய பிறகு அது அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடிய பேச்சு அல்ல என்று பட்டது. அதற்குக் காரணம் உண்டு.

நம் கடையில் இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்த ஒருவர், நாற்பத்து நான்காம் வயதில் கணக்கு முடித்துக்கொண்டு போனார். காலையில் கதவு திறந்தது முதல் இரவு சாத்துவது வரை நின்றே நின்று, முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு, பச்சைப் பாம்பு போலப் புடைத்திருந்தது. விசைத்தறிக் கூடம் ஒன்றில் இரவுக் காவலுக்குச் சேர்ந்தார். சம்பளம் குறைவு. "உட்கார்ந்து பார்க்கிற வேலைங்க முதலாளி" என்றார், அவ்வளவுதான். எந்த வீட்டுக்கு எந்தத் துவரம் பருப்பு வேகும், எந்தத் தறிக்காரர் கூலி வாங்கியதும் பாக்கியைக் கொண்டுவந்து வைப்பார், யாரிடம் நாலு முறை நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அவர் போன ஆறு மாதத்தில் வராமல் போன பாக்கி எவ்வளவு என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அத்தனை ஆண்டும் ஒரு முக்காலி வாங்கிப் போட நமக்குத் தோன்றவில்லை.

ஆகவே கேள்வி நமக்கும் உரியதே. வேலை செய்யும் இடத்தில் நடத்தப்படும் ஆரோக்கியத் திட்டங்கள் பலன் தருமா?

இதை வெறும் வாய்ப்பேச்சாக விடாமல் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் நம் தொழிலிலேயே. அமெரிக்காவில் பி.ஜே.ஸ் ஹோல்சேல் கிளப் என்ற பெரிய மொத்த விற்பனை நிறுவனம் உண்டு. அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாம் விற்கிற கடைகள்தான். அதன் 160 கடைகளில் 20 கடைகளைச் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள பணியாளர்களுக்கு மட்டும் உணவு, உடற்பயிற்சி, மன அமைதி பற்றிய வகுப்புகளை நடத்தினார்கள். மற்றக் கடைகளில் ஒன்றும் செய்யவில்லை. மொத்தம் ஏறக்குறைய 33,000 பணியாளர்கள். 18 மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது, வகுப்பு நடந்த கடைகளில் "நாங்கள் உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம்" என்று சொன்னவர்கள் கூடுதலாக இருந்தனர். ஆனால் இரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் எடை, மருத்துவச் செலவு, விடுப்பு எடுத்த நாட்கள் ஆகிய எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2019-இல் இந்த முடிவு வெளியாயிற்று. மூன்றாண்டு முடிந்த பிறகு பார்த்தபோதும் நிலைமை ஏறத்தாழ அதுவேதான்.

இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் 2016-இல் தம் பணியாளர்களில் ஏறக்குறைய 5,000 பேரைக் கொண்டு இதுபோன்ற ஒரு சோதனை நடத்தினார்கள். பரிசுப் பணம் கூடக் கொடுத்தார்கள். மருத்துவச் செலவு குறையவில்லை. அங்கே வெளிப்பட்ட இன்னொரு செய்தி நம் கவனத்துக்குரியது: திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே உடல்நலத்தோடு இருந்தவர்கள். நோய் வரக் கூடியவர் வரவில்லை. நம் ஊரில் அதிகாலையில் ஏரிப் பக்கம் நடப்பவர்களைப் பாருங்கள். யாருக்கு நடை தேவையோ அவர் அந்த நேரத்தில் சேலம் லீ பஜாருக்குச் சரக்கெடுக்கப் பேருந்தில் உட்கார்ந்திருப்பார்.

அப்படியானால் வேலைக்கும் உடலுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், நிறைய உண்டு. இலண்டன் மாநகரில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் பேருந்துப் பணியாளர்களை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்ட முடிவு உலகப் புகழ் பெற்றது. ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே நிலைக் குடும்பங்கள். ஆனால் நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவு. வந்தாலும் கடுமை குறைவு. நடத்துநருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. வேலையே அவரை நடக்க வைத்தது. (மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார் என்பதையும் சொல்லிவிடுவோம்.)

"பார்த்தீர்களா, நின்று வேலை செய்வது நல்லதுதானே" என்று சிலர் உடனே சொல்லக் கூடும். நடப்பது வேறு, நிற்பது வேறு. கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில் 7,320 பணியாளர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலும் நின்றே வேலை செய்பவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்பவர்களைவிட இருதய நோய் ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது என்று கண்டார்கள். ஓரிடத்தில் நிற்கும்போது காலுக்கு இறங்கிய இரத்தம் மேலேறச் சிரமப்படுகிறது. நடந்தால் கெண்டைக்கால் தசை அதை மேலே தள்ளும். நின்றால் தள்ளாது. நரம்பு புடைப்பதும் இதனால்தான்.

நம் கடைகளில் இரண்டு தீமையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பையன் பதினான்கு மணி நேரம் நிற்கிறான். முதலாளி பதினான்கு மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அவனுக்குக் கால், நமக்குச் சர்க்கரை. பதினோரு மணிக்கு வடை, நாளைக்கு ஆறு டீ, மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. சங்க உறுப்பினர்களில் மாத்திரை போடாதவர் எத்தனை பேர் என்று கைதூக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

சட்டம் தன் பங்கைச் செய்துதான் இருக்கிறது. கோழிக்கோட்டில் விஜி என்பவர் முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' அமைப்பு, ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரவும், கழிப்பறைக்குப் போகவும் கூட உரிமையின்றி இருந்ததை எதிர்த்துப் போராடியது. அதன் பயனாகக் கேரளம் 2018-இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிற்று. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அதன்படி 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது: எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வேண்டும், நாள் முழுவதும் நின்றபடியே இருக்கச் செய்யக் கூடாது.

நாமும் மூன்று முக்காலி வாங்கினோம். ஒரு மாதத்தில் முதல் முக்காலியின் மேல் பிஸ்கட் பெட்டி, இரண்டாவதன் மேல் கற்பூர டப்பாக்கள், மூன்றாவதை வீட்டில் தண்ணீர்க் குடம் வைக்கக் கொண்டுபோய்விட்டார்கள். பையன்களைக் கேட்டால், "நீங்க ஒண்ணும் சொல்லலீங்க முதலாளி, ஆனா உட்கார்ந்தா ஒரு பார்வை பார்ப்பீங்க" என்றான் ஒருவன். உண்மை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பையன் உட்கார்ந்திருந்தால் சம்பளம் வீணாகிறது என்று நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. அப்பாவிடம் கற்ற பார்வை அது. சட்டத்தால் முக்காலியை வரவழைக்க முடியும், அந்தப் பார்வையை மாற்ற முடியாது. இப்போது மத்தியானம் இரண்டு முதல் நான்கு மணி வரை எடைபோடும் ஒருவர் தவிர மற்றவர் உட்காரலாம் என்று எழுதியே ஒட்டியிருக்கிறோம். அந்த நேரத்தில் அடுக்குகிற வேலை சொல்வதில்லை. பொட்டலம் கட்டுவதை உட்கார்ந்தபடி செய்ய ஒரு தாழ்ந்த பலகை போட்டோம். மாறாக, நாம் மணிக்கு ஒரு முறை எழுந்து கிடங்கு வரை போய் வருகிறோம். வியாபாரம் குறையவில்லை. பையன்கள் மாலை வரை எரிச்சல்படாமல் பேசுகிறார்கள் என்று பெண்கள் சொல்கிறார்கள்.

ஜப்பானில் 1928 முதல் வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பாகிறது. போருக்குப் பின் நின்று, 1951-இல் மறுபடியும் வந்தது. கட்டடத் தொழிலாளர்கள் முதல் தொழிற்சாலைக்காரர்கள் வரை வேலை தொடங்குமுன் சில நிமிடங்கள் அந்த இசைக்குக் கைகாலை ஆட்டுகிறார்கள். அது நிலைத்ததற்குக் காரணம், அதற்கு இடம் வேண்டாம், தனி உடை வேண்டாம், மேலாளரும் அதே வரிசையில் நிற்கிறார் என்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. நம் பக்கத்தில் வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி வேரூன்றியதும் இப்படித்தான். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியும் துணி வியாபாரமும் அறிந்தவர் அவர். நம் உறுப்பினர் சிலர் மன்றத்துக்குப் போகிறார்கள், நல்லது. ஆனால் முதலாளி அங்கே மூச்சுப் பயிற்சி செய்யும் அதே நேரத்தில் பையன் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறான்.

மூட்டையின் கதை வேறு வகை. நூறு கிலோ அரிசி மூட்டையை முதுகில் சாய்த்துப் படியேறிய காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரை செய்தது. அதை யார் இங்கே படித்தார்கள்? வாங்குகிறவர் வசதிக்காக 25 கிலோ சிப்பம் வந்தது. 25 கிலோ வரையுள்ள பொட்டலத்துக்கு 2022 ஜூலை 18 முதல் ஜி.எஸ்.டி. என்றதும் அது 26 கிலோ ஆயிற்று. முதுகெலும்பை எண்ணி யாரும் இதைச் செய்யவில்லை. இருந்தாலும் எந்த உடற்பயிற்சி வகுப்பும் செய்ய முடியாத நன்மையை அந்தச் சிறு சிப்பம் செய்தது. சர்க்கரை இன்னும் 50 கிலோவில்தான் வருகிறது. அதற்கு ஒரு தள்ளுவண்டி வாங்கிவிடலாம்.

இனி அரசின் ஏற்பாடு. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரையை வீட்டு வாசலிலேயே தருகிறார்கள். நல்ல திட்டம், 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. ஆனால் அவர்கள் பகலில் வீட்டுக்கு வரும்போது வணிகர் எங்கே இருக்கிறார்? கடையில். பிறகு வேலை செய்யும் இடத்துக்கே அதை விரிவாக்க 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது, முதற்கட்டமாக 711 தொழிற்சாலைகள், 8.35 லட்சம் தொழிலாளர்கள் என்றார்கள். வகுத்துப் பாருங்கள், தொழிற்சாலைக்கு ஆயிரம் பேருக்கு மேல். மூன்று பேர் வேலை செய்யும் மளிகைக் கடையும், எட்டுத் தறி ஓடும் கூடமும் அந்தக் கணக்கில் எங்கே வரும்? நம் கடைவீதி முழுவதையும் ஒரே வேலையிடமாக எண்ணி மாதம் ஒரு நாள் வாருங்கள் என்று வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சங்கம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். தறிக் கூடத்தாரையும் சேர்த்துக்கொண்டால் தலை எண்ணிக்கைக்குக் குறைவிருக்காது.

எல்லாவற்றிலும் கடினமானது நேரம். நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, இடையில் ஒரு மணி நேர ஓய்வு என்று அந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நாம் யாரும் அப்படி நடத்துவதில்லை, மழுப்ப வேண்டியதில்லை. தனிக் கடைக்காரர் ஒருவர் ஒன்பது மணிக்குச் சாத்தினால் அவர் வியாபாரம் எதிர்க்கடைக்குப் போகும். எல்லோரும் ஒன்பதுக்குச் சாத்தினால் யாரிடமிருந்தும் யாருக்கும் போகாது. இதைத் தனி மனிதர் செய்ய முடியாது, சங்கம்தான் செய்ய முடியும். மே 5 அன்று எல்லோரும் சேர்ந்து கடையடைக்கத் தெரிந்த நமக்கு, ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் சேர்ந்து அடைக்கத் தெரியாதா? கைப்பேசியில் சாமான் வரவழைப்பவர்களும், ராசிபுரம், சேலம் பெரிய அங்காடிகளும் அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் நியாயமானதே. கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் பழகிய ஆளை இழந்தால் போவது எவ்வளவு என்று நாம் ஒரு முறை கணக்குப் பார்த்துவிட்டோம்.

எனவே உடற்பயிற்சி வகுப்புக் கோரிக்கைக்குப் பதிலாக மூன்று தீர்மானங்களை அடுத்த பொதுக்குழுவில் முன்வைக்க எண்ணியுள்ளோம்: கடைவீதிக்கு மாதம் ஒரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை; பகல் இரண்டு முதல் நான்கு வரை பணியாளர் உட்காரும் நேரம்; ஞாயிறு அரைநாள் கடையடைப்பு. முதல் இரண்டும் நிறைவேறும் என்று நம்புகிறோம். மூன்றாவதற்கு எதிர்ப்பு வரும், வரட்டும், பேசுவோம். வகுப்பு கேட்ட அந்த இளைஞரையே முன்மொழியச் சொல்லியிருக்கிறோம். கூட்டம் இரவு பத்தரை மணிக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் யாராலும் கடை சாத்திவிட்டு வர முடியாதாம்.