மைசூரு திரைப்பட நகரமும் 2011-இன் பாடமும்: படத்தொகுப்பு மென்பொருள் ஒரே இரவில் மாறினால் என்ன ஆகும்?

மைசூரு: மைசூருவில் சர்வதேசத் தரத்தில் திரைப்பட நகரம் அமைக்க 150 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டிருப்பதாகவும், அரசு-தனியார் கூட்டு முறையில் 500 கோடி ரூபாய் செலவில் அது உருவாக்கப்படும் என்றும் 2025-26ஆம் ஆண்டுக்கான கர்நாடக நிதிநிலை அறிக்கையில் முதல்வர் சித்தராமையா அறிவித்தார். நஞ்சன்கூடு வட்டத்தைச் சேர்ந்த ஹிம்மாவு கிராமமே இதற்காகத் தேர்வு செய்யப்பட்ட இடம்.

இந்தத் திட்டம் புதிதன்று. சித்தராமையாவின் முதல் ஆட்சிக் காலத்திலேயே ஹிம்மாவு பெயர் முன்வைக்கப்பட்டது. குமாரசாமி முதல்வரானபோது திட்டம் ராமநகரை நோக்கி நகர்ந்தது. எடியூரப்பா ஆட்சியில் பெங்களூருவின் ரோரிக் - தேவிகா ராணி தோட்டம் பேசப்பட்டது. இப்போது மீண்டும் ஹிம்மாவுக்கே வந்து நிற்கிறது.

எந்த ஊர், எத்தனை ஏக்கர், எவ்வளவு முதலீடு என்ற கேள்விகளே இத்தனை ஆண்டுகளாக விவாதத்தை நிரப்பியுள்ளன. படப்பிடிப்பு முடிந்த பிறகு நடக்கும் வேலைகளுக்கு, குறிப்பாகப் படத்தொகுப்புக்கு, எத்தகைய கருவிகள் வாங்கப்படும், அவற்றின் ஆயுள் எவ்வளவு என்ற கேள்வி அநேகமாக எழவே இல்லை. தளங்களும் கட்டடங்களும் நாற்பது ஆண்டுகள் நிற்கும். மென்பொருள் அப்படி நிற்பதில்லை. 2011ஆம் ஆண்டில் உலகெங்கும் உள்ள படத்தொகுப்பாளர்கள் ஒரே வாரத்தில் இதை உணர்ந்தனர்.

ஜூன் 21, 2011

அன்றுதான் ஆப்பிள் நிறுவனம் 'ஃபைனல் கட் புரோ எக்ஸ்' என்ற மென்பொருளை வெளியிட்டது. ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த 'ஃபைனல் கட் புரோ 7' இன் அடுத்த பதிப்பு என்றுதான் அனைவரும் எதிர்பார்த்தனர். வந்ததோ அடித்தளத்திலிருந்தே புதிதாக எழுதப்பட்ட வேறொரு மென்பொருள். அதே நாளில் பழைய மென்பொருளின் விற்பனையும் நிறுத்தப்பட்டது.

ஃபைனல் கட் 1999இல் அறிமுகமானபோது அது ஒரு விலைப் புரட்சி. அதுவரை கணினிப் படத்தொகுப்பு என்றால் பெரும்பாலும் 'அவிட்' தான். தமிழ்த் திரையுலகுக்கும் அவிட் அந்நியமன்று. 1994இல் வெளியான கமல் ஹாசனின் 'மகாநதி', இந்தியாவில் அவிட் பயன்படுத்தப்பட்ட முதல் படம் என்று பேசப்படுகிறது. ஆனால் அந்த இயந்திரத்தைப் பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்க முடிந்தது. ஃபைனல் கட் வந்த பிறகு ஒரு மேக் கணினியும் ஆயிரம் டாலர் மென்பொருளும் இருந்தால் போதும் என்ற நிலை உருவானது. செய்தித் தொலைக்காட்சிகள், விளம்பர நிறுவனங்கள், திருமணப் படப்பிடிப்பாளர்கள் எனப் பலரும் அதன் பக்கம் வந்தனர். 2003இல் வெளியான 'கோல்டு மவுண்டன்' படத்தை வால்டர் மர்ச் அதில் தொகுத்தார். 2011 பிப்ரவரியில் 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்துக்குப் படத்தொகுப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதுவும் ஃபைனல் கட்டில் தொகுக்கப்பட்டதே. அதன் பயனர்கள் 20 லட்சம் பேர் என்று ஆப்பிள் அப்போது கணக்குச் சொன்னது.

ஆஸ்கர் வாங்கிய நான்கே மாதத்தில் அந்த மென்பொருளைக் கடையிலிருந்து எடுத்தது எந்த வணிக ஆலோசகரும் கூறத் துணியாத முடிவு.

ஜம்பூ சவாரியை எண்ணிப் பார்த்தால்

எதிர்ப்பின் காரணத்தைப் புரிந்துகொள்ள மைசூரு தசரா ஊர்வலமே நல்ல உதாரணம். அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை செல்லும் ஜம்பூ சவாரியை ஆறு கேமராக்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். தங்க அம்பாரியைச் சுமக்கும் யானை ஒரு கோணத்தில், கலைக்குழுக்கள் இன்னொரு கோணத்தில், கூட்டம் மற்றொரு கோணத்தில். இந்த ஆறு பதிவுகளையும் நேரப்படி ஒன்றோடொன்று பொருத்தி, ஓடவிட்டபடியே ஒரு கோணத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வசதியைப் 'பல்கேமராத் தொகுப்பு' என்பர். ஃபைனல் கட் 7இல் அது இருந்தது. 2011 ஜூனில் வந்த புதிய பதிப்பில் இல்லை.

அடுத்தது ஒலி. படத்தொகுப்பாளர் உரையாடலை ஒரு தடத்திலும், இசையை வேறொரு தடத்திலும், காற்று, மழை, காலடி ஓசைகளை மற்றத் தடங்களிலும் அடுக்கி வைப்பார். வேலை முடிந்ததும் அந்த அடுக்கு அப்படியே ஒலிக்கலவைக் கூடத்துக்குச் செல்ல வேண்டும். புதிய பதிப்பில் தடங்கள் என்பதே நீக்கப்பட்டு, காந்தம்போல ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்ளும் காலக்கோடு வைக்கப்பட்டது. ஒலிக்கூடத்துக்கும் வண்ணச் சீரமைப்புக் கூடத்துக்கும் தொகுப்பை அனுப்பத் தேவையான பரிமாற்றக் கோப்பு வசதிகளும் வெளியீட்டின்போது இல்லை. ஒளிபரப்புத் தரமுள்ள திரையில் படத்தைப் பார்த்துச் சரிபார்க்கும் வழியும் இல்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய அடி ஒன்று உண்டு. பழைய ஃபைனல் கட்டில் தொகுத்த எந்தத் திட்டக் கோப்பையும் புதிய மென்பொருளால் திறக்க முடியவில்லை.

பாதியில் நிற்கும் படம், அடுத்த மாதம் ஒளிபரப்பாக வேண்டிய தொடர், மறுபதிப்புக் கேட்டு வாடிக்கையாளர் திரும்பி வரக்கூடிய பழைய விளம்பரம் என எதையும் புதிய கருவிக்குக் கொண்டு வர வழியில்லை. பழைய கருவியைக் கூடுதலாக வாங்கவும் முடியாது. ஐந்து கணினிகள் உள்ள நிறுவனம் ஆறாவது கணினி சேர்க்க நினைத்தால், ஆறாவதற்கு மட்டும் வேறு மென்பொருள். இது தொழில்நுட்பக் குறை என்பதைத் தாண்டி வேலைவாய்ப்புப் பிரச்சினையாக மாறியது அப்படித்தான்.

கேலியும் மனுவும்

பழைய மென்பொருளைத் திரும்பத் தருமாறு கோரும் மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். ஆப்பிளின் சொந்த விற்பனைப் பக்கத்திலேயே ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் குவிந்தன. அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியாளர் கோனன் ஓ பிரையனின் படத்தொகுப்புக் குழு, புதிய மென்பொருளைப் பாராட்டுவதுபோலக் கேலி செய்து ஒரு காணொளியைத் தயாரித்து நிகழ்ச்சியிலேயே ஒளிபரப்பியது. போட்டி நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ஃபைனல் கட்டைக் கைவிட்டு வருவோருக்குப் பாதி விலை என்று அடோபி அறிவித்தது. அவிட் தன் பங்குக்கு 995 டாலருக்கு இடம்மாற்றச் சலுகை தந்தது.

ஆப்பிள் ஒரு வாரத்தில் கேள்வி-பதில் விளக்கம் வெளியிட்டது. பல்கேமரா வசதி அடுத்த பெரிய மேம்பாட்டில் வரும் என்றது. பழைய திட்டக் கோப்புகளைக் கொண்டுவரும் வழி இல்லை என்பதை ஒப்புக்கொண்டது. கேட்டவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. செப்டம்பரில் பரிமாற்றக் கோப்பு வசதியும், 2012 ஜனவரி இறுதியில் பல்கேமராத் தொகுப்பும் வந்தன. பழைய கோப்புகளைப் புதியதற்கு மாற்றும் கருவியை ஆப்பிள் எழுதவில்லை. வெளியார் எழுதிய சிறு மென்பொருளே அந்தப் பணியைச் செய்தது.

ஆப்பிள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழைய ஃபைனல் கட் 32 பிட் முறையில் எழுதப்பட்டது; கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் அதனால் தொட முடியாது. உயர்தெளிவுப் படங்கள் பெருகிய காலத்தில் அது கழுத்தை நெரிக்கும் வரம்பு. மறுபடி எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. புதிய வடிவத்தை உருவாக்கிய ரேண்டி யுபில்லோஸ், அடோபி பிரீமியரின் தொடக்கப் பதிப்புகளையும் முதல் ஃபைனல் கட்டையும் உருவாக்கியவர். தொழில் தெரியாதவர் என்று அவரைக் குறை சொல்ல இயலாது. 299 டாலர் விலையில் தனியாகப் பணிபுரியும் இளைஞர்களுக்கு அது வரப்பிரசாதமாகவே அமைந்தது. 2017இல் புதிய மென்பொருளின் பயனர் எண்ணிக்கையும் 20 லட்சத்தைத் தொட்டதாக ஆப்பிள் தெரிவித்தது.

ஆக, வடிவமைப்பு தோற்றது என்று கூறுவது பொருந்தாது. தோற்றது மாற்றத்தை நடத்திய முறை. பழையதையும் புதியதையும் இரண்டு ஆண்டுகள் அருகருகே விற்றிருந்தால் அந்தக் கோபத்தில் பெரும்பகுதி எழுந்திருக்காது. பெருநிறுவன வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பழைய பதிப்பின் உரிமங்களை அதே ஆண்டில் மீண்டும் விற்க ஆப்பிள் இறங்கிவந்ததே இதற்குச் சான்று.

திரும்பி வராதவர்கள்

போனவர்கள் பெரும்பாலும் திரும்பவில்லை. ஹாலிவுட் மீண்டும் அவிட்டை நாடியது. இந்தியாவிலும் பெரிய படங்கள் அவிட்டிலும் பிரீமியரிலும் நிலைகொண்டன. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் வண்ணச் சீரமைப்புக்கான 'டாவின்சி ரிசால்வ்' மென்பொருளின் இலவசப் பதிப்பை அதே 2011இல் வெளியிட்டு, பின்னர் அதையே முழுமையான படத்தொகுப்புக் கருவியாக வளர்த்தது. 2022 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்ட படத்தொகுப்பாளர்கள் ஆப்பிள் தலைவர் டிம் குக்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். பெரிய படங்களில் பலர் சேர்ந்து பணிபுரியும் வசதிகளைத் தாருங்கள் என்பது அவர்களின் கோரிக்கை. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே குறை.

அடோபியின் பக்கம் சென்றோருக்கு வேறு விதமான அதிர்ச்சி காத்திருந்தது. 2013 மே மாதம், இனிப் புதிய பதிப்புகளை விலைக்கு வாங்க முடியாது, சந்தா மட்டுமே என்று அந்நிறுவனம் அறிவித்தது. அதற்கும் மனு, அதற்கும் ஆயிரக்கணக்கில் கையொப்பம். சந்தா முறை மாறவில்லை.

இன்னொரு வகையினரும் உண்டு. மாறவே மறுத்தவர்கள். 2020இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற தென்கொரியாவின் 'பாரசைட்' படத்தைத் தொகுத்த யாங் ஜின்-மோ பயன்படுத்தியது, விற்பனை நிறுத்தப்பட்டு எட்டு ஆண்டுகள் கடந்த ஃபைனல் கட் 7. படத்தொகுப்புக்கான ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்குக் கிடைத்தது. 2017க்குப் பிந்தைய மேக் இயங்குதளங்களில் அந்த மென்பொருள் ஓடாது. எனவே அதை நம்பியிருப்பவர் பழைய கணினியைப் பூட்டிப் பாதுகாக்க வேண்டும்.

மைசூருவுக்கு இதில் என்ன?

மைசூரு திரைத் தொழிலுக்குப் புதிய ஊரன்று. ஹுன்சூர் சாலையில் இருந்த பிரீமியர் ஸ்டுடியோ ஒரு காலத்தில் பல மொழிப் படங்களின் தளம். 1989 பிப்ரவரியில் 'திப்பு சுல்தானின் வாள்' தொடர் படப்பிடிப்பில் ஏற்பட்ட தீ விபத்து அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. ஸ்டுடியோவும் இன்று இல்லை. அதன் பின்னர் படப்பிடிப்புக்காக மைசூருவுக்கு வரும் குழுக்கள், எடுத்த காட்சிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பெங்களூருவுக்கோ சென்னைக்கோ திரும்பிவிடுகின்றன. தொகுப்பு, ஒலி, வண்ணம் ஆகிய வேலைகளும் அவற்றுக்கான சம்பளமும் ஊருக்குள் தங்குவதில்லை. ஹிம்மாவு திட்டம் மாற்ற வேண்டியது இதைத்தான்.

அதே நேரம், திரைத் தொழிலுக்கு வெளியே காணொளிகளைத் தயாரித்துச் சேமிக்கும் பொது நிறுவனங்களும் இவ்வூரில் உள்ளன. மைசூரு பல்கலைக்கழகத்தின் கல்விப் பல்லூடக ஆய்வு மையம் பாடக் காணொளிகளைத் தயாரிக்கிறது. 1969இல் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மொழிகளை ஆவணப்படுத்துகிறது. பேசுவோர் குறைந்துவரும் ஒரு மொழியின் பதிவு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுதொகுப்புக்குத் தேவைப்படலாம். எந்த மென்பொருளில் தொகுத்திருந்தாலும் அன்று அது திறக்குமா என்பது பட முதலாளிகளை விட இத்தகைய நிறுவனங்களுக்கே முக்கியமான கேள்வி.

படச்சுருள் காலத்தில் நெகட்டிவ் இருந்தது. பழைய படங்களை மீட்கும் தேசியத் திரைப்பட மரபுத் திட்டத்துக்கு மத்திய அரசு 597 கோடி ரூபாய் ஒதுக்க முடிந்ததற்குக் காரணம், மீட்பதற்கு ஏதோ ஒரு சுருள் எஞ்சியிருந்ததே. கணினிக் காலத்தில் முடிந்த படம் மிஞ்சும். எந்தக் காட்சி எங்கே வெட்டப்பட்டது, எந்த ஒலி எந்தத் தடத்தில் இருந்தது என்ற தொகுப்பின் விவரங்கள் மென்பொருளோடு சேர்ந்து மறையக்கூடும். இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. திட்டக் கோப்போடு பொதுப் பரிமாற்ற வடிவிலும் ஒரு பிரதியை எடுத்து வைப்பது பழைய வழக்கம். பிக்சார் நிறுவனம் உருவாக்கிப் பொதுவில் விட்ட 'ஓப்பன் டைம்லைன் ஐஓ' போன்ற கட்டற்ற வடிவங்கள் அதை மேலும் எளிதாக்கியுள்ளன. அரசுப் பணத்தில் நடக்கும் எந்தத் தயாரிப்புக்கும் இதை ஒப்பந்த நிபந்தனையாக்குவதற்குப் பெரிய செலவு ஏதும் கிடையாது.

பயிற்சியிலும் இதே கவனம் வேண்டும். ஒரே மென்பொருளின் பொத்தான்களை மட்டும் கற்றுத்தரும் பயிற்சிக்கூடம், அந்நிறுவனம் முகப்பை மாற்றும் நாளில் மாணவர்களைக் கைவிட்டுவிடும். 2024 அக்டோபரில் பிரீமியரின் தோற்றம் மாற்றியமைக்கப்பட்டபோதுகூட, வேலை முறை மாறாத நிலையிலும், பழகிய கைகளுக்குச் சில நாள் தடுமாற்றம்தான்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். சென்னையை அடுத்த பூந்தமல்லி பகுதியில் 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று 2024 ஜனவரியில் 'கலைஞர் 100' விழாவில் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். எல்இடி திரை அரங்கு, அனிமேஷன், விஎஃப்எக்ஸ் வசதிகள் அந்த அறிவிப்பில் இடம்பெற்றிருந்தன. இரு மாநிலங்களின் அறிவிப்புகளிலும் தொகை ஒன்றே. தனியார் கூட்டு என்ற முறையும் ஒன்றே. தனியார் கூட்டாளி வாங்கும் மென்பொருளுக்கான சந்தாவை யார் செலுத்துவது, கூட்டாளி மாறினால் கணினிகளில் உள்ள திட்டக் கோப்புகள் யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.