வழிநடுவே ஒரு வாளித் தண்ணீர்

பயணம் என்பது புறப்படுதலும் போய்ச் சேர்தலும் மட்டுமே என்று எண்ணுவது வசதி படைத்தோர் வழக்கம். அகதிக் குடும்பத்திற்கு அவ்வாறு அன்று. நம் பயணத்தின் பெரும்பகுதி காத்திருத்தலிலேயே கழிகிறது. ஒரு வண்டிக்கும் மறு வண்டிக்கும் இடையே எட்டு மணி நேரம், ஒரு விமானத்திற்கும் அடுத்த விமானத்திற்கும் இடையே பதினான்கு மணி நேரம், ஒரு முத்திரைக்கும் மறு முத்திரைக்கும் இடையே ஒரு பகலும் ஓர் இரவும் என நம் நாட்கள் கரைகின்றன. அந்த நேரத்தில் முகம் கழுவ எங்கே செல்வது, கைக்குழந்தையைக் குளிப்பாட்ட எங்கே செல்வது, முதியவர் சற்றே முதுகு சாய்க்க எங்கே செல்வது என்னும் கேள்விகளை நாம் ஒரு பொருட்டாக எடுத்துப் பேசுவதில்லை. பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் கருத்து.

யாங்கோன் மாநகரின் கிழக்கே ஓடையோரம் அமைந்த பசுந்தாங்கை நம் வாசகர் பலர் அறிவர். மத்திய இரயில் நிலையத்தை விட்டுக் கிழக்கு நோக்கிப் புறப்படும் வண்டிக்கு அதுவே முதல் நிலையம். பெகுவிலிருந்தும் மௌல்மேன் பக்கமிருந்தும் நம்மவர் நகருக்குள் வரும் வழி அது. இரவெல்லாம் ஓடி விடியலில் வந்து நிற்கும் வண்டியிலிருந்து ஒரு குடும்பம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஏற வேண்டிய விமானம் மாலையில்தான். மிங்களாடன் விமான நிலையமோ நகர மையத்திற்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பகல் முழுவதும் கையில் மூட்டையும் மடியில் பிள்ளையுமாக அவர்கள் எங்கே இருப்பர்? நடைமேடையின் ஓரத்தில் இருப்பர். தேநீர்க்கடையின் முக்காலியில் இருப்பர். அங்கே நெடுநேரம் அமர்ந்தால் முகம் சுளிப்பார்கள் என்றஞ்சி எழுந்து நடப்பர்.

இதில் பெண்கள் படும் பாடு தனி. கழிப்பறை கிடைக்காது என்ற அச்சத்தால் முந்தைய நாள் மாலை முதலே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் தாய்மார்கள் நம்மில் எத்தனை பேர்! மாதவிலக்கு நாளில் பயணம் செய்ய நேர்ந்த பெண் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவைத் தேடி அலையும் துன்பத்தை ஆண்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. நீரிழிவு நோயுள்ள முதியவரின் நிலையும் அதுவே. இத்தனைக்கும் பிறகு, கசங்கிய உடையோடும் தூங்காத கண்களோடும் அதிகாரியின் மேசை முன் போய் நின்றால், நம் சொல்லை அவர் நம்புவதற்கு முன் நம் கோலத்தைப் பார்க்கிறார். குளித்து உடை மாற்றிய மனிதன் நிமிர்ந்து பேசுகிறான். இது அலங்காரத்திற்கான ஆசை அன்று, மானத்தைப் பற்றிய செய்தி.

“யாங்கோனில் உறவினர் இல்லையா? அவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாதா?” என்று சிலர் வினவக்கூடும். முன்பு போனோம். ஆனால் விருந்தோம்பலின் மீதும் அங்கே சட்டத்தின் நிழல் விழுந்திருக்கிறது. ஆங்கிலேயர் 1907 இல் இயற்றிய நகரச் சட்டமும் கிராமச் சட்டமும், இரவு தங்கும் விருந்தினரைப் பற்றி வட்டார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றன. 2012 ஆம் ஆண்டின் வார்டு, கிராம நிர்வாகச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. 2016 இல் நாடாளுமன்றம் அந்த விதியை நீக்கியபோது மக்கள் மூச்சு விட்டனர். 2021 பிப்ரவரி முதல் நாள் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம், இரண்டு வாரம் முடியுமுன் அதே விதியை மீண்டும் கொண்டுவந்தது. அதன் பின் நள்ளிரவில் கதவு தட்டப்படுமோ என்று அஞ்சும் உறவினரை நாம் குறை சொல்ல இயலாது. குடியுரிமைத் தாளில் குறை உள்ளவர்களுக்கோ அச்சம் இருமடங்கு. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இளைஞர் உள்ள வீடுகளில் அந்த அச்சம் மேலும் பெருகியது.

வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தல் நமக்குப் புதிய பாடமா? இல்லவே இல்லை. மணிமேகலையில் வரும் புகார் நகரத்தின் உலக அறவி, ஆதரவற்றோர் யாவரும் தங்கும் பொது அம்பலம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கிய சத்திரம் இன்றும் மதுரை இரயில் நிலையத்தின் எதிரே நிற்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரத்தையும் பலர் அறிவர். அம்மன்னரின் முன்னோர் நிறுவிய சத்திரங்களில் உணவு மட்டுமன்றி, நோயுற்ற வழிப்போக்கருக்கு மருந்தும், பேறுகாலம் நெருங்கிய பெண்களுக்குக் கவனிப்பும் கிடைத்தன. யாழ்ப்பாணத்திலும் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக் கல் என்ற நான்கும் ஒன்றாக வழியோரத்தில் அமைந்தன. மனிதனுக்கு நிழல், நீராட நீர், தலைச்சுமை இறக்க ஒரு கல், மாடு உடல் தேய்க்க இன்னொரு கல். மாட்டின் உடல் நோவையும் எண்ணிப் பார்த்த சமுதாயம் நம்முடையது!

நாம் வாழ்ந்த பர்மிய மண்ணும் இதில் குறைந்ததன்று. ‘ஜயாட்’ என்னும் ஓய்வு மண்டபம் இல்லாத பழைய ஊர் அங்கே அரிது. அதைக் கட்டுவது பெரும் புண்ணியம் என்பது பௌத்தர் நம்பிக்கை. வீதியோரங்களில் குடிநீர்ப் பானைகளை மூடியிட்டு வைத்து நாள்தோறும் நிரப்பும் இல்லத்தரசிகளை நாம் கண்டிருக்கிறோம். நம் தண்ணீர்ப் பந்தலும் அவர்களின் நீர்ப்பானையும் ஒரே அறத்தின் இரு வடிவங்கள்.

ஆயினும் ரங்கூனில் நம்மவர் வரலாறு நமக்கு வேறொன்றையும் கற்பிக்கிறது. 1931 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கு மொகல் வீதி வட்டாரத்தில் தொழில் நிலையங்கள் இருந்தன. கடல் கடந்து சென்ற ஊர்களில் சரக்கு வைக்கவும் தங்கவும் பொதுவான கிட்டங்கிகளை அமைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஆனால் பசுந்தாங் ஓடைக்கரை அரிசி ஆலைகளுக்கு அறுவடைக் காலத்தில் வந்திறங்கிய தென்னிந்தியத் தொழிலாளருக்கு என்ன இருந்தது? காற்றும் வெளிச்சமும் அற்ற நெரிசலான அறைகள் இருந்தன. அதுவும் கிடைக்காதவருக்கு வீதி இருந்தது. தமக்கென்று கூடி அமைத்துக்கொண்டவர்களுக்கு இடம் கிடைத்தது. அமைத்துத் தர ஆளில்லாதவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றும் நிலைமை அதுவே.

ஓய்வும் நீரும் இல்லாத பயணம் என்ன செய்யும் என்பதை 1942 காட்டிற்று. 1941 டிசம்பர் 23 ஆம் நாள் ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அதன்பின் வந்த மாதங்களில் பல இலட்சம் இந்தியர் நாட்டை விட்டு வெளியேறினர். பெரும்பாலோர் நடந்தே சென்றனர். புரோமில் நெருங்கிக் கிடந்த கூட்டத்தில் காலரா பரவியது. மலைப்பாதைகளில் வயிற்றுக்கடுப்பும் மலேரியாவும் பல்லாயிரவரைக் கொண்டுபோயின. அசாம், மணிப்பூர் வழிகளில் இந்தியத் தேயிலைச் சங்கத்தார் அமைத்த முகாம்கள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று வசதிகளில் வேற்றுமை காட்டப்பட்டதைக் காங்கிரஸ் தலைவர்கள் அன்றே கண்டித்தனர். சுத்தமான நீரும், தங்க ஒரு கூரையும், கழிப்பிடமும் சரியான இடைவெளிகளில் இருந்திருந்தால் வழியில் மாண்டோரில் பலர் வீடு சேர்ந்திருப்பர்.

1964 இல் கடைகள் தேசியமயமானபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர் கப்பலேறினர். தமிழகம் சேர்ந்தும் மனம் ஒட்டாமல், நிலவழியே பர்மா திரும்ப முயன்றவர்கள் தமு எல்லையைக் கடக்க இயலாமல் மணிப்பூரின் மோரேயில் நின்றுவிட்டனர். இளைப்பாற நின்ற இடமே அவர்களுக்கு ஊராயிற்று. 2023 மே மாதக் கலவரத்தில் அந்த ஊரிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. தற்காலிகம் என்பது நம் வாழ்வில் எத்தனை நீளம் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். யாங்கோன் நகரில் நம்மவர் எழுப்பிய கோயில்களும் மண்டபங்களும் பல. அனவ்ரட்டா சாலையின் காளியம்மன் கோயில் 1871 இல் தோன்றியது என்றால் நம் வேர் எவ்வளவு பழையது என்று பாருங்கள். இரயில் நிலையத்தை ஒட்டிய பசுந்தாங் வட்டாரத்தில் ஒரே ஓர் அறையையேனும் பகல்நேர ஓய்வறையாகத் திறந்துவைக்க நம் பெரியோர் முன்வர வேண்டும். பகல்நேரம் என்று அழுத்திச் சொல்கிறேன். விருந்தினர் பதிவு விதி இரவில் தங்குவதைப் பற்றியது. விடியலில் வந்து அந்தி சாயுமுன் செல்பவருக்கு நிழல் தருவதால் எவருக்கும் இடையூறு நேரக் கூடாது என்பதற்காகவே இந்த வரையறை.

பெரிய கட்டடம் தேவையில்லை. உட்புறம் தாழிடும் குளியலறை இரண்டு, அவற்றில் ஒன்று பெண்களுக்கென்றே, வாளியும் குவளையும், குழந்தைக்கு வெந்நீர் காய்ச்ச ஓர் அடுப்பு, பாய்கள் பத்து, மூட்டை வைக்கப் பூட்டுள்ள அலமாரி, சுவரில் சரியாக ஓடும் கடிகாரம். இவை போதும். வருபவரிடம் போகும் நேரம் கேட்கலாம். போகும் காரணம் கேட்க வேண்டா. சாதி கேட்பது கூடவே கூடாது.

செலவுக்கு எங்கே போவது என்பர். தீட்டு என்றும் சிலர் தயங்குவர். முதல் கேள்விக்கு இந்தியாவிலேயே விடை உண்டு. பிந்தேஷ்வர் பாடக் 1970 இல் தொடங்கிய சுலப் இயக்கம், சிறு கட்டணம் வாங்கிக் கழிப்பறையும் குளியலறையும் நடத்தலாம் என்று காட்டியது. கொடுக்க இயன்றவர் கொடுக்கும் சிறு தொகை துப்புரவுப் பணியாளரின் கூலிக்கு உதவும். இயலாதவர் கொடாமலே செல்லலாம். இரண்டாம் தயக்கத்திற்குச் சீக்கியரைப் பார்க்கச் சொல்வேன். குருத்வாராக்களில் எம்மதத்தவரும் பந்தியில் அமர்கின்றனர்; பல இடங்களில் தங்கவும் செய்கின்றனர். அதனால் அவர்கள் வழிபாட்டின் தூய்மை குறைந்ததாக எவரும் சொன்னதில்லை.

விமானத்தில் செல்லும் குடும்பங்களுக்கும் சில சொற்கள். அகதிப் பயணத்தாள் வைத்திருப்பவர் பெரும்பாலும் இடைநிலை விமான நிலையத்தை விட்டு வெளியே செல்ல இயலாது. ஆனால் உள்ளேயே வசதிகள் உண்டு. சிங்கப்பூர் சாங்கியில் கட்டணமின்றிச் சாய்ந்து ஓய்வெடுக்கும் பகுதிகள் உள்ளன. டோஹாவில் அமைதி அறைகள் உள்ளன. நம்மவர் கேட்கக் கூசி, நாற்காலியிலேயே விடிய விடிய அமர்ந்திருக்கின்றனர். சீட்டு வாங்கிய பயணி கேட்பது பிச்சை அன்று, கேளுங்கள். பெட்டிகளைப் பொதுவாகச் சேருமிடத்தில்தான் திரும்பப் பெறுவீர்கள். ஆதலால் ஆளுக்கு ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, பல்துலக்கி, மருந்து ஆகியவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள். குளிக்கச் செல்பவர் தம் பயணத்தாள்களை விழித்திருக்கும் ஒருவர் கையில் கொடுத்துச் செல்லட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் உறங்க வேண்டா.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உண்டியலில் விழும் காசில் கோபுரத்திற்கு வண்ணம் பூசுகிறோம், நன்று. அதே காசின் ஒரு பங்கில் குழாய் ஒன்றும் தாழ்ப்பாள் ஒன்றும் வாங்க இயலும். கடல்கடந்து வாழும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பும் காணிக்கையில், “இது ஓய்வறைக்கு” என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் நிர்வாகிகள் மறுக்க மாட்டார்கள். அடுத்த மழைக்காலத்திற்குள் பசுந்தாங்கில் அப்படி ஒரு கதவு திறக்கட்டும். நமக்குப் பின்னால் வருவோரும் நம்மைப் போலவே மூட்டையோடுதான் வருவர். அவர்களுக்காகவேனும் ஒரு வாளியில் தண்ணீர் நிறைந்திருக்கட்டும்.